இரட்டைக் கோட்டுக்குக் கீழே

அவருக்கு நான் எழுதிய முதல் மடல் எனக்கே திரும்பி வந்தது. கூடவே பதினோரு விதிகளும் வந்தன. மடலில் நான் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி: என் பிரிண்டர் ஏன் ஓடவில்லை? பதினோரு விதிகளில் எங்கும் அதற்கு விடை இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

அப்போது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டுக் கணினி, ஒன்பது நாற்காலி. ஒன்பதாவதில் நான். வாரம் ஒரு வைரஸ் வந்து எட்டையும் படுக்கப் போட்டுவிட்டுப் போகும். லினக்ஸுக்கு மாறினால் வைரஸ் வராது என்று ஒருவர் சொன்னார். மாறினேன். அவர் சொன்னது உண்மைதான், வைரஸ் வரவில்லை. பிரிண்டரும் வரவில்லை.

நம் வட்டாரத்தில் லினக்ஸோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கென்று ஒரு மடற்குழு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு முகவரிக்கு மின்னஞ்சல் போட்டால் நூறு பேருக்குப் போய்ச் சேரும். நூற்றில் ஒருவராவது பதில் சொல்வார். வாட்ஸப் வருவதற்கு முந்தைய ஏற்பாடு. நூறு பேரிடம் போவதற்கு முன்னால் மடல் ஒருவரிடம் போகும் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஒருவர்தான் இவர். மாடரேட்டர்.

என் மடலில் நான் மீறிய விதிகளை அவர் எண் போட்டுக் காட்டியிருந்தார். விதி ஒன்று: தலைப்பில் 'உதவி' என்று மட்டும் போடாதீர்கள், எல்லாருமே உதவிக்குத்தான் எழுதுகிறார்கள். விதி மூன்று: ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதாதீர்கள், காதருகில் கத்துவது போலிருக்கிறது. விதி நான்கு: 'அவசரம்' என்ற சொல்லால் எந்தக் கணினியும் சரியானதில்லை. விதி ஐந்து: வண்ணம் வேண்டாம். நான் முக்கியமான இடங்களைச் சிவப்பிலும், மிக முக்கியமான இடங்களைப் பச்சையிலும் எழுதியிருந்தேன்.  கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகிய கை.

பதில் சொல்லாமல் விதி சொல்கிற ஆள் யாரென்று பார்த்துவிடுவது என்று ஒரு மத்தியானம் கிளம்பினேன். கரூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு எடைமேடை. லாரி அப்படியே ஏறி நின்று எடை போட்டுக்கொண்டு இறங்கிப் போகிற இரும்பு மேடை. அதை ஒட்டி ஓர் அறை. உள்ளே ஒரு கணினி, ஒரு மின்விசிறி, ஓர் ஆள். மின்விசிறி கணினியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஆள் வியர்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் ஜன்னலில் கையை ஊன்றி நின்றிருந்தார்.

"ஏண்ணே, காலைல ஆறு மணிக்குக் கிளம்புனது. வழில டயர் போச்சு. டீக்கடைல ஒருத்தன் நேத்து போட்ட டீயக் குடுத்துட்டான், வயிறு ஒரு மாதிரியா இருக்கு. ஓனரு வேற போனுக்கு மேல போனு. எம்புட்டு இருக்கு?"

"'எம்புட்டு இருக்கு'" என்று அவர் டிரைவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். ஒரு நொடி நிறுத்தினார். "பதினாலு டன்னு இருநூறு."

கேலி செய்கிறாரோ என்று டிரைவர் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கேலி ஏதும் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் யாரென்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சை ஆரம்பித்தேன். "அண்ணே, நீங்க பண்றது நல்லால்ல. கடைய நம்பி உக்காந்துருக்கேன். வர்றவங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் போறாங்க. பிரிண்டரு ஏன் ஓடலைன்னு கேட்டா ரூலு அனுப்புறீங்க. இது என்ன கோர்ட்டா?"

"'பிரிண்டரு ஏன் ஓடலை'" என்றார். நிறுத்தினார். "எந்தப் பிரிண்டருன்னு நீங்க எழுதல. 'இது என்ன கோர்ட்டா.' இல்ல."

மடலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். அடுத்த கடையில்தான் அச்செடுத்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பார்த்தேன். இருபத்திரண்டு வரி எழுதியிருந்தேன். என் தொழில், வாடகை, வைரஸ் வரலாறு எல்லாம் இருந்தன. பிரிண்டரின் பெயர் இல்லை.

அவர் அந்தத் தாளை வாங்கி ஒரு லாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "லோடோட ஒருக்கா எடை போடுவோம். காலி வண்டிய ஒருக்கா போடுவோம். கழிச்சாத்தான் சரக்கு. இதுல இருபத்திரெண்டு வரி இருக்கு. இருபத்தொண்ணு லாரி."

பிரிண்டரின் பெயரைச் சொன்னேன். அஞ்சு நிமிடத்தில் வழி சொன்னார். அன்று சாயந்திரம் பிரிண்டர் ஓடியது.

அவருடைய எல்லா விதிகளையும் ஒரே வாக்கியத்துக்குள் சொல்லிவிடலாம்: எந்த வரிக்குப் பதிலோ அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை வெட்டிவிட்டு, அதற்குக் கீழே பதில் எழுது. கேள்வி கீழே கிடக்க, பதிலை மேலே எழுதுகிறவர்களை அவரால் பொறுக்க முடியாது. "பந்தில மொதல்ல பாயசத்த ஊத்திட்டு அப்புறம் எலையப் போடுவாகளா?" என்று கேட்பார். மேற்கோள் காட்டும் வரியின் முன்னால் ஒரு அம்புக்குறி இருக்க வேண்டும். அதற்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு வெற்று வரி இருக்க வேண்டும். எந்த வரியும் எழுபத்திரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. அதற்காகத் தம் கணினித் திரையில் எழுபத்திரண்டாவது எழுத்து வருகிற இடத்தில், மேலிருந்து கீழாக, வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை ஒட்டி வைத்திருந்தார். "டேப்புக்கு அங்கிட்டு எழுதுனது எனக்குத் தெரியாது" என்பார். உண்மையிலேயே தெரியாதுதான். பின்னால் மறைந்திருக்கும். லாரிகளின் எடை இடது பக்கம் வரும் என்பதால் தொழிலுக்குப் பழுதில்லை.

இதெல்லாம் மடல் எழுதுவதற்கான ஒழுங்கு. அவருக்கு அது மடலோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம். பேசும்போதும் நாம் சொன்னதில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதற்கு மட்டும் பதில் சொல்வார். மிச்சத்தை வெட்டிவிடுவார்.

ஒருமுறை வீட்டுக்கு வந்தார். என் மனைவி வழக்கம் போல வாசலிலேயே ஆரம்பித்தாள். "வாங்கண்ணே, அக்காவக் கூட்டிட்டு வரலையா, வெயில்ல வண்டிலயா வந்தீங்க, பையன் நல்லாப் படிக்கிறானா, மோரு தரட்டா?"

"'மோரு தரட்டா.' தாங்க."

அவர் போன பிறகு அவள் சொன்னாள்: "நல்ல மனுசருதான். ஆனா அவருகிட்ட பேசிட்டு, மிச்சம் பேசுனதெல்லாம் எங்க போச்சுன்னு தேட வேண்டியிருக்கு."

அவர் வீட்டம்மா இதற்குப் பழகியிருந்தார். மத்தியானம் டிபன் கேரியரில் சோற்றோடு ஒரு துண்டுச் சீட்டும் வரும். வரிக்கு ஒரு கேள்வி, கேள்விக்குக் கீழே இடம். ஒருநாள் அதை எட்டிப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாதுதான். 'வெஞ்சனம் எப்படி?' என்று தொடுகறியைப் பற்றி இருந்தது. கீழே அவர், 'உப்பு' என்று எழுதினார். 'நாளைக்கு என்ன வேணும்?' கீழே, 'இதுவே'. 'உப்புன்னு சொன்னீங்களே?' என்று மறுநாள் சீட்டில் வந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது.

கதைக்கு வேண்டிய விதி ஒன்பதாவது விதி. மடல் முடிந்ததும் ஒரு வரியில் இரண்டு சின்னக் கோடு போட வேண்டும். இரட்டைக் கோடு. அதற்குக் கீழே அவரவர் பெயர், ஊர், கடை விளம்பரம், பிடித்த பொன்மொழி, என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். 'கேள்விக்குச் சம்பந்தமில்லாத சொந்த விஷயங்களைக் கோட்டுக்குக் கீழே எழுதவும். கோட்டுக்குக் கீழே இருப்பது மடலின் பகுதி ஆகாது' என்று விதி சொல்லும். உலகம் முழுக்க இப்படி ஒரு வழக்கம் உண்டு, அவர் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அவர் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். தம் கணினியில், இரட்டைக் கோடு வந்ததும் அதற்குக் கீழே உள்ளது திரைக்கே வராதபடி ஏற்பாடு செய்திருந்தார். லாரியில் தார்ப்பாயும் கயிறும் கழிந்துபோவது போல.

அவருடைய மடல்களில் இரட்டைக் கோடு மட்டும் இருக்கும். கீழே வெறுமை. பேர்கூடப் போட மாட்டார். ஏன் என்று கேட்டேன். "கோட்டுக்குக் கீழ சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல அப்பு" என்றார்.

ஸ்டெல்லா டீச்சர் குழுவில் சேர்ந்தது அந்தக் காலத்தில். அகரம் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆய்வகம் அவர் பொறுப்பு. தற்காலிக வேலை, வருடா வருடம் நீட்டித்தால் உண்டு. பள்ளியில் பதினைந்து பழைய கணினிகள் தூசு படிந்து கிடந்தன. அவற்றை ஒரே ஒரு நல்ல கணினியோடு இணைத்து, அந்த ஒன்றிலிருந்து பதினைந்தையும் ஓட்டலாம் என்று நம் மாடரேட்டர் குழுவில் எழுதியிருந்தார். எடைமேடைக் கணினியில் தாமே செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார். டீச்சர் அதைப் படித்து, தாளாளரிடம் தாமே பொறுப்பு என்று சொல்லி, செய்தும் காட்டிவிட்டார். பதினைந்தும் ஓடின.

அந்த வருடம் செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை காலை, சர்வராக இருந்த அந்த ஒரு நல்ல கணினி எழுந்திருக்கவில்லை. அது எழாததால் பதினைந்தும் எழவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். ஆய்வகம் ஓடாவிட்டால் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு வேன் வைத்துக் கூட்டிப்போக வேண்டும். அடுத்த வருடம் டீச்சரைக் கூட்டிப்போக யாரும் வேன் வைக்க மாட்டார்கள். தாளாளர் இதைக் குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார்.

டீச்சர் குழுவுக்கு எழுதினார். சிவப்பு எழுத்து, தலைப்பில் மூன்று 'அவசரம்', வேறு யாரோ ஸ்கேனரைப் பற்றிக் கேட்டிருந்த மடலுக்குப் பதிலாக. பதினோரு விதிகளோடு மடல் திரும்பிப் போனது. மத்தியானம் இரண்டாவது மடல். நிறம் இல்லை, தலைப்பு சரி, ஆனால் திரையைப் படம்பிடித்து ஒரு வேர்டு கோப்பில் ஒட்டி இணைத்திருந்தார். விதி ஏழு. அதுவும் திரும்பியது.

வியாழன் காலை பதினோரு மணிக்கு மூன்றாவது மடல் வந்தது. அதைப் பற்றி அவர் பிற்பாடு பேசும்போதெல்லாம் குரல் கொஞ்சம் தாழும். தலைப்பிலேயே பிழை என்னவென்று இருந்தது. உள்ளே ஏழே வரி. திரையில் வந்த செய்தியை எழுத்துக்கு எழுத்துப் பார்த்துக் கையால் தட்டியிருந்தார். என்னென்ன செய்து பார்த்தார், எது பலிக்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒரு வரிகூட டேப்பைத் தாண்டவில்லை. மடல் முழுக்கச் சரக்கு, லாரியே இல்லை.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவர் பதில் எழுதிவிட்டார். முதல் வரியில், 'மடல் எப்படி எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் இதைப் பார்க்கவும்' என்று குழுவில் எவருக்கும் கொடுக்காத ஒரு பாராட்டு. பிறகு இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, ஒரு மணி நேர வேலை, ஆனால் சில கோப்புகள் போகலாம். மற்றொன்று, எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டுச் செய்வது, ஒன்றும் போகாது, இரண்டு நாளாகும், ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. 'அவசரம் ஏதும் குறிப்பிடப்படாததால் இரண்டாவதே நல்லது' என்று முடித்திருந்தார்.

நான் சாப்பிட்டுவிட்டு வந்து மூன்று மணிக்குத்தான் மடல்களைத் திறந்தேன். என் கணினியில் எந்த ஏற்பாடும் கிடையாது. அவர் சொல்லிக்கொடுத்தபடி வைக்க நினைத்து, ஏதோ தப்பாகப் போட்டு, எல்லாமே எல்லா இடத்திலும் தெரிந்துகொண்டிருந்தது. அதனால் டீச்சரின் மடலில் இரட்டைக் கோடும் தெரிந்தது, அதற்குக் கீழே இருந்ததும் தெரிந்தது.

'நாளைக் காலை ஒன்பது மணிக்கு செய்முறைத் தேர்வு. அதற்குள் ஓடாவிட்டால் என் வேலை இருக்காது.'

அவருடைய பதிலையும் ஒருமுறை படித்தேன். 'அவசரம் ஏதும் குறிப்பிடப்படாததால்.' எழுந்து போய் எடைமேடைக்கு போன் போட்டேன்.

"அண்ணே, டீச்சரு மடலப் பாத்தீங்களா?"

"'டீச்சரு மடலப் பாத்தீங்களா.' பாத்தேன். நல்ல மடலு."

"கோட்டுக்குக் கீழ பாத்தீங்களா?"

"'கோட்டுக்குக் கீழ.' அதை எதுக்குப் பாக்கணும்?"

"செத்த நேரம் ரூல எல்லாம் விட்டுட்டுப் பாருங்கண்ணே."

போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. விசைப்பலகைச் சத்தம். பிறகு விசைப்பலகைச் சத்தமும் இல்லை. ஹாரன் மட்டும். ரொம்ப நேரம் கழித்துப் போனை எடுத்தார்.

"வாரேன்" என்றார்.

நான் சொன்ன எதையும் திருப்பிச் சொல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்தார். முன்னால் கால் வைக்கிற இடத்தில் எடைமேடைக் கணினியையே கழற்றி, கோணிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பள்ளியில் உள்ளதைப் போன்ற ஏற்பாடு ஏற்கனவே இருந்த ஒரே கணினி அதுதான். மேடையில் அப்போது ஒரு வெங்காய லாரி நின்றிருந்ததாம். அது வேறு எடைமேடை தேடிப் போயிற்று. போகும்போது அந்த டிரைவர் சொன்னது எழுபத்திரண்டு எழுத்துக்குள் அடங்கியிருக்காது.

நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். தாடிக்கொம்பு தாண்டினோம். பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டார். "நீ எப்படிப் படிச்ச?"

"எனக்கு அந்த ஏற்பாடு வைக்கத் தெரியலண்ணே."

அவர் தலையை ஆட்டினார். என் அறியாமையால் பிறருக்கு நன்மை விளைந்த ஒரே நாள் என்பதால் இதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆய்வகத்தில் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். சேலை முந்தானையில் தூசு. மாடரேட்டர் அதுவே நல்லது என்று எழுதியிருந்ததால், இரண்டு நாளாகும் என்று தெரிந்தும் இரண்டாவது வழியை மத்தியானமே ஆரம்பித்துவிட்டிருந்தார். திரையில் பிரதி எடுக்கும் வேலை நூற்றுக்குப் பதினெட்டில் இருந்தது, நிறுத்தவும் முடியாது. அவரை நாங்களோ எங்களை அவரோ அதற்கு முன் பார்த்ததில்லை. மாடரேட்டர் என்று நான் சொன்னதும் சட்டென்று எழுந்து நின்றார்.

"சாரி சார். மொத ரெண்டு மடலும் தப்பா அனுப்பிட்டேன்."

"இல்லம்மா" என்றார் அவர். சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "மூணாவதத்தான் நான் தப்பாப் படிச்சுட்டேன்."

நான் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். "தேர்வு இருக்குன்னு மேலயே எழுதிருக்கலாமே டீச்சர்?"

அவர் கொஞ்சம் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். "ரூல்ல இருந்துச்சே சார், கேள்விக்குச் சம்பந்தமில்லாத சொந்த விசயம் கோட்டுக்குக் கீழன்னு. என் வேலை போறது சர்வருக்குச் சம்பந்தம் இல்லையே."

மாடரேட்டரின் கை ஒரு நொடி நின்றது. பிறகு வயரைச் சொருகினார்.

ஆறரை மணிக்குப் பதினைந்தும் எழுந்தன. மறுநாள் தேர்வு நடந்தது. எடைமேடைக் கணினியில் இருந்த ஒரு வாசகத்தை மட்டும் மாற்ற எங்களுக்குத் தோன்றவில்லை. மாணவர்கள் கணினிக்குள் நுழைந்ததும் பதினைந்து திரையிலும் கொட்டை எழுத்தில் வந்தது: 'வண்டியை மேடையின் நடுவில் நிறுத்தவும்.' வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இது என்னம்மா என்று கேட்டாராம். "மவுஸ நடுவுல வைக்கச் சொல்லுது சார்" என்றாராம் டீச்சர். அவர் சரி என்று குறித்துக்கொண்டாராம். டீச்சருக்கு வேலை நீண்டது. மூன்று வருடம் கழித்து அவரே அதைவிட நல்ல வேலைக்குப் போனார்.

எடைமேடை இரண்டு நாள் மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் போனேன். கணினி பழையபடி மேசையில் இருந்தது. டேப்பும் இருந்தது. ஆனால் கோட்டுக்குக் கீழே மறைக்கிற ஏற்பாட்டை எடுத்துவிட்டிருந்தார். எடுத்ததோடு நிற்கவில்லை. குழு ஆரம்பித்த நாளிலிருந்து வந்த அத்தனை மடலையும், ஆறு வருட மடல், முதலிலிருந்து திறந்து கோட்டுக்குக் கீழே மட்டும் படித்துக்கொண்டிருந்தார். லாரிக்கும் லாரிக்கும் நடுவில்.

"பூராப் பேரும் ஊரும் கடை விளம்பரமும்தான்" என்றார். "நாலு பேரு வேற எழுதிருக்காக."

"என்னண்ணே எழுதிருக்காங்க?"

"குஜிலியம்பாறைக்காரரு ஒருத்தரு. போர் மோட்டாரு ஸ்டார்ட்டரப் பத்திக் கேட்டுட்டு, கீழ, அப்பா போன வாரம் தவறிட்டாருன்னு எழுதிருக்காரு. நான் கேபிளப் பத்திப் பதினாறு வரி பதில் எழுதிருக்கேன்."

ஒரு லாரி மேடையேறியது. எடையைப் பார்த்துச் சீட்டை நீட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நல்ல பதிலுதான்."

நாலு பேருக்கும் எழுதினார். குஜிலியம்பாறைக்காரருக்குப் போன மடலை அவர் காட்டினார். அம்புக்குறி போட்டு, 'அப்பா போன வாரம் தவறிவிட்டார்' என்ற அந்த ஒரு வரி. ஒரு வெற்று வரி. கீழே: 'இன்றுதான் படித்தேன். வருந்துகிறேன்.' நடுவில் நாலு வருடம் போயிருந்தது. அந்த மனிதர் பதில் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். எடைமேடை அறையில் அவருக்கு உட்கார இடமில்லாமல் இருவரும் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, லாரி வரும்போது எழுந்து, போனதும் உட்கார்ந்து, சாயந்திரம் வரை இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு துண்டுக்குத்தான் பதில் வந்திருக்கும்.

மாதம் பிறந்தால் குழுவுக்கு விதிகள் தானாகவே போகும்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அடுத்த மாதம் பன்னிரண்டாவது விதி ஒன்று அதில் இருந்தது: 'கோட்டுக்குக் கீழே இருப்பதையும் படிக்கவும்.' நூறு பேரில் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. விதிகளை அவர் ஒருவர்தான் படிப்பார்.

அதன் பிறகு அவர் கொஞ்சம் அளவுக்கு மீறியும் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டியில் வேலை பார்த்த உறுப்பினர் ஒருவர் தம் மடல்களின் அடியில் 'வாழ்க்கையே ஒரு கேள்விக்குறி' என்று போட்டுக்கொள்வார். ஏதோ நாள்காட்டியில் பார்த்ததாம். ஒருநாள் காலையில் மாடரேட்டர் அவருக்குப் போன் போட்டு, "'வாழ்க்கையே ஒரு கேள்விக்குறி.' வீட்டுல எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் பதறிப்போய், "அது சும்மா அழகுக்குப் போட்டதுங்க" என்று சொல்லி, மறுநாளே அதை எடுத்துவிட்டு, 'தக்காளி மொத்த வியாபாரம்' என்று மாற்றிக்கொண்டார்.

பிறகு எல்லாரும் வாட்ஸப்புக்குப் போனார்கள். நானும் போனேன். அவரையும் ஒருநாள் சேர்த்துவிட்டார்கள். அன்று காலை மட்டும் ஒன்பது ரோஜாப் பூ வந்தது. எந்த வரிக்கு எது பதில் என்று தெரியவில்லை என்று சொல்லி வெளியேறிவிட்டார். என் பிரவுசிங் சென்டரையும் மூடினேன். எட்டுக் கணினிகளையும் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், ஒன்பதாவது நாற்காலி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் பத்திரிகைகளுக்கு இந்த மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். கரூர் ரோட்டுப் பக்கம் போவது குறைந்தது. போனாலும் பஸ்ஸில்தான். மேடையில் லாரி நிற்பது தெரியும். ஜன்னலுக்குள் ஆள் தெரியாது.

போன வருடம் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. தலைப்பு: 'மடற்குழு மூடல்: பழைய மடல்களின் பிரதி'. உள்ளே மூன்று வரி. மாதக் கடைசியோடு குழு நிற்கிறது. பழைய மடல்கள் இன்ன இடத்தில் இருக்கின்றன. நன்றி என்று யாரும் பதில் போட வேண்டாம். செல்போனில் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். அவருக்கே உரிய மடல் என்று நினைத்துக்கொண்டேன். நன்றி சொல்ல வேண்டாம் என்றிருந்ததால் சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த விதி அது ஒன்றுதான்.

எட்டு மாதம் கழித்து, அவரைப் பற்றி எழுதலாம் என்று அந்த மடலைக் கணினியில் திறந்தேன். செல்போனில் மூன்று வரிக்கு அடியில் மூன்று புள்ளி மட்டும் இருந்த நினைவு. மடலின் கடைசிப் பகுதியை அது அப்படித்தான் சுருக்கி வைக்கும். புள்ளியைத் தொட்டால் விரியும். நான் தொடவில்லை. கணினியில் எல்லாம் விரிந்தே இருந்தது. மூன்று வரி. இரட்டைக் கோடு. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கோட்டுக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்.

'மேடையை விற்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை இங்கேதான் இருப்பேன். பிறகு ஓசூரில் மகன் வீடு. முடிந்தால் வந்து போகவும். டீ உண்டு.'

எத்தனை வெள்ளிக்கிழமை போய்விட்டது என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு எழுதினேன். அறுபது வரிக்குக் குறையாது. செல்போனைக் குறை சொன்னேன், பஸ் கூட்டத்தைச் சொன்னேன், ஸ்டெல்லா டீச்சர் மடலைப் படித்த எனக்கே இது நடந்ததைச் சொன்னேன், என் மனைவி அக்காவை விசாரித்ததைச் சொன்னேன். அவசரத்தில் அவர் மடலுக்கு மேலேயே எழுதி, அவர் எழுதியதைக் கீழே அப்படியே தொங்கவிட்டிருந்தேன். பந்தியில் பாயசம் முதலில் விழுந்துவிட்டது. கடைசி வரியாக, என்ன எழுதுவதென்று தெரியாமல், 'டீ இன்னும் உண்டா?' என்று கேட்டிருந்தேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மடலைத் திருப்பி அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அனுப்பியிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். மூன்றாம் நாள் காலை வந்தது. என் அறுபது வரியையும் வெட்டி, ஒன்றை மட்டும் வைத்திருந்தார்.

> டீ இன்னும் உண்டா?

உண்டு.

அவ்வளவுதான். அதற்கு அடியில் மூன்று புள்ளி. இந்தத் தடவை தொட்டேன். இரட்டைக் கோட்டுக்குக் கீழே ஓசூரில் ஒரு தெருவின் பெயரும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதும் இருந்தன. அதற்கும் கீழே ஒரு கேள்வி.

கணினிக்குப் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டேன். முன்னால் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு வெற்று வரி விட்டேன்.

> நமக்கெல்லாம் வயசாச்சே, சீனி போடலாமா?

கூடாது. ஞாயிற்றுக்கிழமை வாரேன்.